சொல்லக் கூடாத வீடு

நூற்றுப் பன்னிரண்டு நாட்களாக, நான் எந்த வீட்டுப் பெண் என்று யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் அமெரிக்கக் கல்லூரியில், மாணவியர் சேர்ந்து தங்கும் சங்கத்தை வீடு என்போம். ஆகஸ்ட்டில் புதுப் பெண்கள் சேர இடம் தேடி வீடு வீடாக ஏறி இறங்கும் வாரத்தில், அவர்களுக்கு வழிகாட்டும் நாங்கள் சொந்த வீட்டை மறைத்தாக வேண்டும். யார் மனதையும் எந்தப் பக்கமும் சாய்த்துவிடக் கூடாது.

என் வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். தலையைக் குனிந்துகொள்வேன்.

என் குழுவில் இருந்த டெலேனி, டோத்தன் என்ற சிற்றூர்ப் பக்கத்து வேர்க்கடலை விவசாயியின் மகள். மூலை வீட்டின் மேல்தான் அவளுக்குக் கண். அங்கே அறுபது பேர் ஒரே மாதிரி உடையில் வாசலில் கைதட்டிப் பாடுவார்கள். உள்ளே போனதும் டெலேனிக்குப் பேச்சே வரவில்லை. வியாழக்கிழமை மூலை வீடு அவளைக் கழித்தது. சனிக்கிழமை காலை அவளைக் கூப்பிட ஒரு வீடும் இல்லை.

"அப்பாவ வரச் சொல்லிட்டேன். இந்தக் காலேஜே வேணாம்," என்றாள்.

"வருஷம் பொறந்ததும் இன்னொரு வழி இருக்கு. பாட்டு, அலங்காரம் எதுவும் கிடையாது. இடம் காலியா இருந்தா, காபி குடிச்சிட்டே பேசிப் பார்த்து எடுத்துப்பாங்க," என்றேன்.

அவள் அறைத்தோழி ஆன்ஸ்லி சிரித்தாள். "மிச்சம் மீதியப் பொறுக்கறதுடி அது. அப்படி வந்தேன்னு எவளாவது வெளிய சொல்லிருக்காளா?"

டெலேனி என்னைப் பார்த்தாள். "சொல்லிருக்காங்களா, வில்லா?"

"நாளைக்குச் சொல்றேன். அப்பாவ நாளைக்குச் சாயங்காலமா வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பெண்கள், எந்த வீடு தங்களை எடுத்துக்கொண்டது என்று எழுதியிருக்கும் உறைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். டெலேனிக்கு உறை இல்லை. ஆன்ஸ்லியை வீடியோ எடுப்பதற்காக ஓரமாக நின்றாள்.

உறை பிரிப்பதற்கு முன், வழிகாட்டிகள் மேல்சட்டையைக் கழற்றி உள்ளே இருக்கும் வீட்டுச் சட்டையைக் காட்டுவது வழக்கம். நாற்காலியில் ஏறிக் கழற்றினேன். மூலை வீட்டுப் பச்சை.

"அடிப்பாவி! இத்தனை நாளா வாயே தொறக்கலியே!" என்று கத்தினாள் ஆன்ஸ்லி. குழு முழுவதும் ஆரவாரம் செய்தது.

சட்டையைக் காட்டினால் போதும், இறங்கிவிடலாம். நான் இறங்கவில்லை. டெலேனியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்:

"மூணு வருஷம் முன்னாடி, இதே வாரத்துல, எல்லா வீடும் என்னைக் கழிச்சிடுச்சு. மூலை வீடும்தான். பிப்ரவரில காபி குடிச்சிட்டு உள்ள வந்தவ நான்."