ஜாலி சாரும் ஒரு பச்சைப் புள்ளியும்

ஆண்களின் உடல்நலம் பற்றிய ஆராய்ச்சிகளை ஆண்களே விரும்பிப் படிக்கும்படி எழுதித் தருவது அந்த அலுவலகத்தின் தொழில். காலையில் தடிமனான ஆய்வு ஒன்று வரும். மாலைக்குள் அது கறுப்புக் கண்ணாடி போட்ட கார்ட்டூன் சிறுநீரகமாகி இணையத்தில் நின்று சிரிக்கும். மேலாளருக்கு ஜாலி சார் என்று பெயர். "ஆம்பளைங்களப் பயமுறுத்தாதீங்கப்பா, ஓடிருவாங்க. ஜாலியா சொல்லுங்க" என்பது அவர் கொள்கை. அதற்கு ஒரு விருதும் வாங்கியிருந்தார். கேடயத்தின் முதுகு தனக்கும் முகம் வருகிறவர்களுக்கும் தெரியும்படி மேசையில் வைத்திருந்தார்.

சுவரில் பெரிய திரை. பக்கத்தைப் படிக்கிற ஒவ்வொருவரும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. படிக்கப் படிக்கப் புள்ளி கீழே இறங்கும். ஆள் போய்விட்டால் அணைந்துவிடும். சிறுநீரில் ரத்தம் பற்றிய பக்கத்தில் ஒரே வரியில்தான் புள்ளிகள் கொத்துக் கொத்தாக அணைந்தன: 'ஒரே ஒரு முறை வந்து, வலியில்லாமல் தானாக நின்றுவிட்டாலும், மருத்துவரிடம் காட்டுங்கள்.'

"இந்த வரி ஆள விரட்டுதுப்பா. கொஞ்சம் கீழ தள்ளு" என்றார் ஜாலி சார்.

எழுதுகிறவன் தள்ளினான். புள்ளிகள் அணைகிற இடமும் கூடவே இறங்கியது. மறுபடி தள்ளினான். கடைசியில் அந்த வரி, பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்கும் என்கிற வேடிக்கைத் தகவலுக்கும், 'உங்கள் சிறுநீரகம் வில்லனா, ஹீரோவா?' என்கிற விளையாட்டுக்கும் அடியில், யாரும் போகாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அவனுடைய அண்ணன் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தார்.

"உன் சைட்ட பாத்தேன்டா. எனக்கும் ஒரு தடவ வந்துச்சு, பீட்ரூட்டா இருக்கும்னு விட்டுட்டேன். அந்த விளையாட்டுல எனக்கு ஹீரோன்னு வந்துச்சு!"

மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். அந்த மாதமே போய்விட்டார்.

அவன் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து ஒரு புள்ளி வர ஆரம்பித்தது. மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில். பீட்ரூட் வரைக்கும் இறங்கும். நிற்கும். மேலே ஏறும். மறுபடி இறங்கும். அணையாது. அண்ணனும் அப்படித்தான் எதையும் படிப்பார். பாதியில் சந்தேகம் வந்து முதலிலிருந்து தொடங்குவார்.

அலுவலகத்தில் படம் வரைகிற அக்காவிடம் காட்டினான்.

"எவனாவது பக்கத்தத் திறந்து வச்சிட்டுத் தூங்கிருப்பான். நீ வந்து சாப்பிடு" என்றாள்.

தூங்குகிறவன் ஏறி இறங்குவானா என்று அவன் கேட்கவில்லை. அது யாராக இருந்தாலும் சரி, இந்த ஆளாவது அந்த வரியைப் படித்துவிட வேண்டும். ஒரு நாள் மதியம் வரியை எடுத்துப் பக்கத்தின் உச்சியில் போட்டான். வேலை போனால் போகட்டும்.

திரையில் புள்ளிகள் ஊதின மாதிரி அணைந்தன. ஒன்று மட்டும் மேலே ஏறி வந்து, அந்த வரியில் நின்றது. நகரவில்லை.

ஜாலி சாரின் அறைக் கதவு திறந்தது.

"யாருப்பா அந்த வரிய மேல போட்டது?"

"நான்தான் சார்."

சாப்பிட்டுவிட்டு வந்த அக்கா டிபன் பாக்ஸோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆனால் அவர் திட்டவில்லை. கதவைப் பிடித்தபடியே கேட்டார்.

"ஒரு தடவன்னு போட்டிருக்க. நாலஞ்சு தடவ வந்திருந்தா?"

"யாருக்கு சார்?"

"ஃப்ரெண்டு ஒருத்தனுக்குப்பா."

"இன்னைக்கே காட்டச் சொல்லுங்க சார்."

"பீட்ரூட்டே புடிக்காதுப்பா அவனுக்கு" என்றார்.

அக்கா டிபன் பாக்ஸை வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள். "வாங்க சார். உங்க ஃப்ரெண்ட நான் கூட்டிட்டுப் போறேன்."

போகும்போது வாசலில் திரும்பி, "வரிய இறக்கிராதப்பா" என்றார் ஜாலி சார்.

அவர் அறையில் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. அதே பக்கம். இத்தனை நாள் வந்த புள்ளி இவர்தானா, இவ்வளவுதானா என்று அவனுக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே வந்தான்.

புள்ளி திரையில் இருந்தது.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தான். புள்ளி மெதுவாக இறங்கி, பீட்ரூட்டைத் தாண்டி, 'வில்லனா, ஹீரோவா?' விளையாட்டில் போய் நின்றது.