கியரில் நின்ற வண்டி

பெயின்டருடைய பழைய பிக்கப் வண்டி அந்த வாரம் முழுவதும் கருகல் வாடை அடித்துக்கொண்டிருந்தது. ஏணிகளையும் பெயின்ட் டிரம்களையும் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குத் திரும்பினால் என்ஜின் ஊரையே கூட்டும். வண்டி மட்டும் நகர யோசிக்கும். வியாழக்கிழமை, வீட்டுக்கு முந்தைய வளைவில், அது ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டது. நான்கு பேர் தள்ளிக்கொண்டுவந்து வாசலில் விட்டார்கள்.

கிளட்ச் தட்டு தேய்ந்துபோயிருக்கும் என்று மெக்கானிக் போனிலேயே சொல்லிவிட்டான். ஆனால் அவன் பட்டறையில் ஏழு வண்டிகள் வரிசையில் நின்றன. பத்து நாளாவது ஆகுமாம். பெயின்டருக்கோ திங்கட்கிழமை ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் வேலை ஆரம்பம். போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பார்த்தார். அதையே இன்னும் நான்கு தடவை பார்த்தார். சனிக்கிழமை தானே கழற்றி மாட்டிவிடப் போவதாக மனைவியிடம் அறிவித்தார். வீடியோ எத்தனை நேரம் ஓடுகிறது என்று அவள் கேட்டாள். பதினொரு நிமிஷம் என்றார். அவள் தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி தையல்காரன். துணியைத் தொட்டாலே துவைத்தபின் எவ்வளவு சுருங்கும் என்று சொல்லிவிடுகிற கை அவனுக்கு. கடையைப் பூட்டிவிட்டுச் சனிக்கிழமை காலையிலேயே வந்தான். தானே தைத்த சட்டையைக் கழற்றி மடித்துச் சுவர்மேல் வைத்துவிட்டு, பனியனோடு நின்றான். அவன் வண்டியைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தான். அந்தத் தெரு அவர்கள் வாசலிலிருந்து ஒரே சரிவாக இறங்கி, கீழே பெரிய சாலையில் பஸ் நிறுத்தத்துக்கு நேராகப் போய் முடிகிறது. வண்டி மேட்டைப் பார்த்து நின்றது. அதன் பின்புறம் முழுக்கப் பள்ளம்.

ஹேண்ட் பிரேக் வேலை செய்கிறதா என்று கேட்டான். அதன் கேபிள் அறுந்து இரண்டு வருடமாகிறது.

"முதல் கியர்ல போட்டு நிறுத்துறதுதான் மச்சான். இதுவரைக்கும் ஒரு அடி நகரல," என்றார் பெயின்டர்.

"அந்த கியர்பாக்ஸையே கழட்டப் போறோமே மாமா. அப்புறம் எது பிடிச்சு நிறுத்தும்?"

பெயின்டர் சிரித்தார். மதில் கட்டியபோது மிஞ்சிய செங்கற்கள் மூலையில் கிடந்தன. அதில் இரண்டை எடுத்துப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் செருகிக் காலால் உதைத்துக் காட்டினார். தையல்காரன் குனிந்து ஒரு கல்லை விரலால் சுரண்டினான். பல மழை பார்த்த கல். நகத்தோடு பொடி வந்தது. மரக்கட்டை எதுவும் இல்லையா என்று கேட்டான். கட்டையெல்லாம் வேலை நடக்கும் இடத்தில் கிடக்கிறது, போய் எடுத்துவர வண்டி வேண்டுமே என்று பெயின்டர் சொல்ல, வாசற்படியில் உட்கார்ந்திருந்த மனைவியும் சேர்ந்து மூவருமே சிரித்துவிட்டார்கள்.

ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் உட்காரவைத்தார்கள். பெயின்டர் பழைய பேனர் ஒன்றை விரித்துக்கொண்டு மல்லாக்க உள்ளே போனார். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகிற நீளமான இரும்புத் தண்டை முதலில் கழற்றவேண்டும். நான்கு போல்ட்டுகள். மூன்று எளிதாக வந்தன. நான்காவது முரண்டு பிடித்தது. ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது கழன்ற கணத்தில் வண்டி மொத்தமும் ஒரு விரற்கடை பின்னால் போய் நின்றது. செங்கல்லில் நறுக்கென்று ஒரு சத்தம்.

மூவருக்குமே அது கேட்டது. மனைவி எழுந்துபோய், தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த மகளை வீட்டுக்குள் இழுத்துவந்து கதவைச் சாத்தினாள். இதோடு நிறுத்தலாம், வெளியே வாருங்கள் என்றான் தையல்காரன். இரும்பு என்றால் சத்தம் போடத்தான் செய்யும், பாதியில் விட்டால் திங்கட்கிழமை யார் பதில் சொல்வது என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே போகமாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

மதியத்துக்குள் கியர்பாக்ஸ் இறங்கிவிட்டது. தேய்ந்த தட்டைக் கழற்றினார்கள். ஆணித்தலைகள் வெளியே தெரிய, அப்பளம்போல் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமையே வாங்கிவைத்திருந்த புதிய தட்டை மாட்டினார்கள். இனி கியர்பாக்ஸை மறுபடி ஏற்றவேண்டும். அதுதான் கஷ்டம். கதவுகள் இரண்டையும் திறந்து, வண்டிக்குக் குறுக்கே ஒரு தண்ணீர்க் குழாயை வைத்து, கியர் கம்பி இருந்த ஓட்டை வழியாகக் கயிறு இறக்கிக் கட்டினார்கள். மேலே, வண்டிக்குள் உட்கார்ந்து தையல்காரன் இழுத்தான். கீழே பெயின்டர் நெஞ்சுக்கு நேராக அதைத் தாங்கி, பொருந்தவேண்டிய இடத்தைத் தேடினார். பொருந்தவில்லை. ஆட்டினார், முட்டினார், மறுபடி ஆட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வண்டி லேசாகக் குலுங்கியது.

பின்சக்கரத்தடியில் சிவப்புத் தூள் குவிந்திருப்பதை மனைவிதான் பார்த்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் அது அங்கே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லில் ஒரு விரிசல் விழுந்தது.

"டேய்," என்றாள், சத்தமே வராத குரலில். "கல்லு போகுதுடா."

தையல்காரன் கயிற்றை விடவில்லை. விட்டால் அது மாமாவின் நெஞ்சில் இறங்கும். சீட்டின் இரும்புக் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் குதித்தான். வண்டித் தட்டில் ஏணிகளுக்கு அடியில், காலையில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த, சாரத்துக்குப் போடும் பலகைத் துண்டை உருவினான். அசையாமல் இருங்கள் என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டே, முழங்காலில் விழுந்து, பலகையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினான். செங்கற்கள் இரண்டும் பொடியாகிப் போனதும் வண்டி வந்ததும் ஒன்றாக நடந்தன.

பலகை வண்டியை நிறுத்திவிட்டது. அவன் வலது கை பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது.

அவன் கத்தவில்லை. அதுதான் பெயின்டரைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது. வண்டி அசைந்ததும், தலைமாட்டில் ஸ்டாண்ட் சாய்ந்து அப்படியே நின்றதும் அவருக்குத் தெரிந்தது. பிறகு மனைவியின் அழுகை மட்டும் கேட்டது. ஊர்ந்து வெளியே வந்துதான் கண்ணால் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். எல்லோரும் சேர்ந்து மேட்டுப்பக்கம் தள்ளியதில் ஸ்டாண்டுகள் சரிந்து, வண்டி முன்சக்கரங்களில் தொப்பென்று விழுந்தது. சற்றுமுன் அவர் நெஞ்சு இருந்த இடத்தில், கயிற்றில் தொங்கிய கியர்பாக்ஸ் தரையைத் தொட்டது.

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் காப்பாற்ற முடியவில்லை. நடுக்கணுவோடு எடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை வேலை வேறொருவருக்குப் போனது. வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடுவதாக ஆஸ்பத்திரியில் பெயின்டர் சொன்னபோது, தையல்காரன் தலையாட்டி மறுத்தான். தான் கட்டுப் போட வந்துபோக வண்டி வேண்டும் என்றான். ஹேண்ட் பிரேக் கேபிளைப் போட்டபிறகு, நான்கு மரக்கட்டைகளை வைத்து, மெக்கானிக்கையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பெயின்டர் வேலையை முடித்தார். கிளட்ச் வெண்ணெய்போல் இறங்கியது. அதைக் காலால் மிதிக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது வாரம், கட்டு மாற்றிக்கொண்டு திரும்பும் வழியில், தையல்காரன் ஜன்னலைப் பார்த்தபடி பேசினான். அதுவரை அவன் அந்த நாளைப் பற்றி வாயே திறந்ததில்லை.

"மாமா, 'நான் அப்பவே சொன்னேன்'னு ஒரு தடவையாவது உங்ககிட்ட சொல்லிடணும்னு இருக்கு. வீட்டுல சொன்னா அக்கா அழும். அதான் அடக்கி வெச்சிருக்கேன்."

பெயின்டர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த தன் பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு மச்சான்," என்றார்.

அவன் சொன்னான். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். பிறகு இங்கிருந்து கடைக்கு நடந்தே போய்க்கொள்வதாகச் சொல்லி இறங்கினான். இடது கையால் கதவைச் சாத்தப் பார்த்தான். முதல் தடவை பிடி விழவில்லை. பெயின்டர் எட்டி உதவவில்லை. இரண்டாவது தடவை சாத்திவிட்டு அவன் நடந்தான்.