கால் அரிப்பு என்று சொல்லிப் போனவன்

குளிக்கும்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டது. இடது தொடையிடுக்கில், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. அமுக்கினால் வலித்தது. வலிக்கிறதே என்று விட்டானா? ஒரு தலை எழுந்து அடுத்த தலை உட்காருவதற்குள் சலூன் கழிவறைக்கு ஓடி ஓடி அமுக்கிப் பார்த்தான். பருவைக் கிள்ளாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன்.

"என்ன மாஸ்டர், வயிறு சரியில்லையா?" என்று ஒருமுறை பாதிச் சவரத்தில் முகத்து நுரையோடு காத்திருந்தவர் கேட்டார்.

"ஆமா சார்."

அவருடைய கிருதாவை ஒரு பக்கம் ஏற்றி, ஒரு பக்கம் இறக்கி வைத்துவிட்டான். அவன் கைக்கு அப்படி நேர்ந்ததே இல்லை.

சில மாதங்களுக்கு முன் முடிக்குச் சாயம் பூசும் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தான். அங்கே பயிற்சிக்கு வந்த ஒருத்தியோடு பழக்கம் எல்லை தாண்டியது. ஆணுறை இல்லை. ஆசை வெட்கமறியாது என்பார்கள். பயம் அதைவிட வெட்கங்கெட்டது. கைப்பேசியில் படம் படமாகத் தேடினான். உலகத்து நோயெல்லாம் தனக்கே வந்ததாகப் பட்டது. மனைவி தோளில் கை வைத்தால், அசதி என்று திரும்பிப் படுத்தான். அவளுக்கும் ஒட்டியிருக்குமோ என்பதுதான் அவனைத் தின்றது.

"கால் விரலிடுக்குல ஒரே அரிப்பு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன்," என்று அவளிடம் சொன்னான். அரிப்பு பொய்யில்லை. நாளெல்லாம் நிற்கிறவனுக்கு அதெல்லாம் ஒரு வியாதியா? சாக்குக்கு ஆயிற்று.

"ஷூ போட்டுக்கிட்டு வெட்டுங்கன்னா கேட்டாத்தானே?" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் அவன் சந்தேகத்தைச் சொன்னதும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மாவிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான், காது சுட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை. கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கால்ல புண்ணு ஏதாவது இருக்கா?" என்றார்.

செருப்பைக் கழற்றினான். இடது கால் விரலிடுக்கு சிவந்து வீங்கியிருந்தது. டாக்டரம்மா இடுக்கியால் எதையோ உருவினார். யார் தலையிலிருந்தோ விழுந்த துண்டு முடி, முள்ளாகக் குத்தி உள்ளே போய்ச் சீழ் வைத்திருந்தது.

"இதுக்குத்தான் நெறி கட்டியிருக்கு, தம்பி. புண்ணு ஆறினா அதுவும் வத்திடும். முடி வெட்டுறவங்களுக்கு இது வர்றதுதான்."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சே, ஒரு மயிருக்காகவா இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தோம்! கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் போனான்.

"ரத்தம் குடுத்திருக்கீங்கல்ல, முடிவு வரட்டும். வெளிய உக்காருங்க."

உட்கார்ந்தான். டீ குடித்துவிட்டு வரலாமா என்று யோசிக்கிற அளவுக்கு நிம்மதி வந்திருந்தது. திரும்பக் கூப்பிட்டபோது கதவைச் சாத்தச் சொன்னார்.

"எச்.ஐ.வி. இல்ல. ஆனா சிஃபிலிஸ் இருக்கு. வெளிய தெரியாம உள்ள இருந்திருக்கு. பயப்படாதீங்க, ஊசி போட்டா குணமாயிடும். உங்க மனைவிக்கும் பாக்கணும். நீங்களே சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தான். கடைசியில் போன் போட்டான். அவள் உடனே எடுத்தாள்.

"என்னங்க சொன்னாங்க?"

"முடி குத்தியிருந்துச்சாம். எடுத்துட்டாங்க."

"அப்பாடா! நான் சொன்னேன்ல?"

"நீயும் ஒரு தடவ வரணுமாம். ரத்தம் பாக்கணுமாம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்க கால்ல முடி குத்துனதுக்கு என் ரத்தத்த எதுக்குப் பாக்கணும்?"