ஐந்தாம் பாகத்துக்கு எத்தனை மார்க்

தமிழரசிக்கு வாய் கொஞ்சம் நீளம். கிளிஞ்சல்மேட்டில் எல்லாரும் அதைச் சொல்வார்கள்; அவள் புருஷன் குணசேகரன் மட்டும் சொல்ல மாட்டான். அந்த வாய்க்கும் ஒரு வேலை கிடைத்திருந்தது, பாருங்கள். சென்னையிலிருந்து வரும் கம்ப்யூட்டர் மாத இதழ் ஒன்றில் வீடியோ கேம்களுக்கு விமரிசனம் எழுதி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள். பகலில் காரைக்கால் டவுனில் ஒரு டிடிபி கடையில் டைப் அடிப்பது, மிச்ச நேரத்தில் நிலாவில் அரக்கர்களைச் சுடுவது.

அந்த நிலா 'வேகா அவுட்போஸ்ட்' என்ற ஆட்டத்தில் வருவது. பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் அவள் அண்ணன் ஒவ்வொன்றையும் வாங்கி அனுப்புவான். மூன்றாம் பாகத்தையும் நாலாம் பாகத்தையும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே ஆடி முடித்தார்கள். டிவித் திரையின் இடது பாதி அவனுக்கு, வலது பாதி அவளுக்கு.

எல்லாம் மீன்பிடித் தடைக்காலத்தில்தான். மற்ற மாதங்களில் அவன் விடிவதற்கு முன்பே படகேறிவிடுவான். அவன் கரைக்கு வந்து மீனை ஏலம் விட்டுப் படுக்கும்போது இவள் கடைக்குக் கிளம்பியிருப்பாள். மீன் குஞ்சு பொரிக்கக் கடலை மூடும் கோடையில்தான் இரண்டு பேரும் கண்விழித்து ஒரே வீட்டில் இருப்பார்கள். அந்த ஆட்டம் இல்லாத தடைக்காலத்தைத் தமிழரசியால் நினைத்துப் பார்க்க முடியாது.

இந்த வருஷம் தடை தொடங்கிய வாரமே ஐந்தாம் பாகம் வந்தது. அடடா, என்ன வெளிச்சம், என்ன துப்பாக்கி, நிலாத் தூசிகூடக் காலில் ஒட்டுகிற மாதிரி. ஆனால் குணசேகரன் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தான். பழைய பாகங்களில் கண்ட்ரோலரில் இடப்பக்கம் தள்ளினால் ஆள் வலப்பக்கம் திரும்புகிற மாதிரி மாற்றி வைக்க ஒரு வசதி இருந்தது. உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைத்தான் மாற்றுவான். இவளும் ஏதோ அவனுடைய பழக்கம் என்று விட்டிருந்தாள். புதிதாகச் செய்த புண்ணியவான்கள் அந்த வசதியைத் தூக்கிவிட்டார்கள். இப்போது இடப்பக்கம் அரக்கன் வந்தால் குணசேகரன் வலப்பக்கச் சுவரைச் சுட்டான்.

"உங்கள வச்சிக்கிட்டு ஒரு கட்டம் தாண்ட முடியாது போலருக்கே. கண்ண எங்க வச்சிருக்கீங்க?" என்றாள் தமிழரசி. வழக்கமான கிண்டல்தான்.

அவன் சிரித்தான். கண்ட்ரோலரைக் கீழே வைத்தான். "நீ ஆடு தமிழு. எனக்கு வலை வேல கெடக்கு."

மறுநாளும் அவன் உட்காரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. முழுத் திரையும் அவளுக்கே கிடைத்தது. ஆட்டம் பிரமாதமாக இருந்தது. ஆனால் நல்ல இடம் வரும்போதெல்லாம் பக்கத்தில் திரும்பி "பாத்தீங்களா" என்பாள். பக்கத்தில் பாய்தான் கிடக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆசிரியர் போன் செய்தபோது, "ஒன்பது குடுக்கலாம் சார், எழுதி அனுப்புறேன்" என்றாள். சொன்னாளே தவிர, எழுத உட்காரப் பிடிக்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். அவனாகவே வந்து உட்கார்ந்தான். இடது என்றால் இடது, வலது என்றால் வலது, ஒரு சுவரிலும் முட்டவில்லை. தமிழரசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்படி என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அன்றிலிருந்து தினமும் சேர்ந்து ஆடினார்கள்.

தடை முடியச் சில நாள் இருக்கும்போது இன்ஜினை ஓட்டிப் பார்க்கப் படகை அரசலாற்றில் இறக்கினார்கள். கூடப் போன பங்காளித் தம்பி தங்கையன் சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் வந்து நின்றான்.

"அண்ணனுக்கு என்னாச்சு அண்ணி? கட்டிக் கெடந்த கருப்பையன் படகுல கொண்டுபோயி விட்டுட்டாரு. நான் தண்ணிக்குள்ள."

"அய்யய்யோ, அடிபட்டுச்சா?"

"அதெல்லாம் இல்ல. இன்ஜின் பிடிய வலதுக்குத் தள்ளுனா படகு இடதுக்குப் போவும். எங்கூட்டுப் பொடிசுக்கே தெரியும். அண்ணன் இடதுக்குப் போவணும்னு இடதுக்கே தள்ளுறாரு. இத்தன வருசமா படகு ஓட்டுற கை."

தமிழரசிக்குப் பழைய பாகங்களில் அவன் எதற்காக மாற்றி வைத்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. படகு பழகிய கை அது. அந்தக் கையைத்தான் கிண்டல் செய்திருக்கிறாள்.

பின்னாலேயே குணசேகரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். தங்கையனுக்கு ஒரு துண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் கேட்டாள்.

"நான் கடைக்குப் போன பொறவு தனியா ஆடிப் பழகுனீங்களா?"

"ம்."

"எதுக்குங்க?"

"நீ தனியா ஆடுறத வெளில இருந்து பாத்தேன். பக்கத்துல பக்கத்துல திரும்பிப் பாத்த. மனசு கேக்கல."

"அதுக்காகக் கைய மாத்திக்குவீங்களா? ஆத்துல ஆனது முகத்துவாரத்துல அலைக்கு நடுவுல ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" கேட்டுவிட்டு அழுதாள். அவன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு அவள் தலையில் வைத்தான்.

மறுநாளிலிருந்து காலையில் தங்கையனோடு ஆற்றில் படகை வளைத்து வளைத்து ஓட்டினான். கை பழையபடி படகுக்குத் திரும்பியது. சாயங்காலம் அவன் கண்ட்ரோலர் பக்கமே போகவில்லை. தமிழரசி ஒரு கண்ட்ரோலரை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மற்றதை எடுத்துக்கொண்டு அவன் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். நடப்பதும் சுடுவதும் கண்ட்ரோலரின் இடது பாதியில், திரும்புவது வலது பாதியில். சுடும் பொத்தானை இடம் மாற்றும் வசதியையாவது விட்டுவைத்திருந்தார்கள், மகராசர்கள்.

"இந்தப் பாதிய நீங்க புடிங்க. எந்தப் பக்கம்னு வாயால சொல்லுங்க, நான் திருப்புறேன்."

முதல் நாள் செத்துச் செத்துப் பிழைத்தார்கள். அவன் "இடது" என்று சொல்லி முடிப்பதற்குள் அரக்கன் விழுங்கிவிடுவான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு சாரதாம்பாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தடை முடிவதற்குள் கடைசிக் கோட்டையையும் பிடித்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் விமரிசனம் எழுதினாள். வெளிச்சத்தையும் துப்பாக்கியையும் மனசாரப் புகழ்ந்தாள். 'எல்லாருக்கும் ஒரே மாதிரி கை இருக்கும் என்று இதைச் செய்தவர்கள் நினைத்துவிட்டார்கள். வேறு கைக்கு இருந்த இடத்தை எடுத்தது தப்பு' என்று எழுதி, ஒன்பதை ஏழாக்கினாள்.

கடலுக்குப் போகும் முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம் குணசேகரன் அதை வாங்கி, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தான். மார்க் போட்ட இடத்தில் விரலை வைத்தான்.

"ஏழு ஜாஸ்தி தமிழு," என்றான். "உன்ன ஒத்தையா உக்கார வச்சுதுல்ல."