துருக்கம்பி பாடினால்தான் கதவு திறக்கும்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் பல்செட் இன்றைக்கே எதிர்வீட்டுக்காரர் வாய்க்குப் பொருந்திப் போகட்டும். சத்தியம்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் துருக்கம்பி என்ற இசைக்குழு. நாலு பேர், நாலு கிழிந்த பனியன், காதைக் கிழிக்கும் கிட்டார். 'எங்களை எவனும் வாங்க முடியாது' என்ற அவர்கள் பாட்டை, மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டின் உச்சியில் உட்கார்ந்து அவர் பாடினால், உள்ளே மாட்டியவர்கள் பயத்தை மறந்துவிடுவார்கள். எப்படியாவது வெளியே போனால் போதுமென்று அவர்களே கதவைப் பிளந்துவிடுவார்கள். மேனேஜர் திட்டித் தீர்த்த நாட்களிலும் அந்தப் பாட்டுதான் அவர் முதுகை வளையாமல் வைத்திருந்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தால், சமையலறையில் புது வாஷிங் மெஷின். பக்கத்தில் நர்ஸ் மனைவி, முகமெல்லாம் சிரிப்பாக.

"ஏங்க, துவைச்சு முடிச்சதும் உங்க பாட்டைப் பாடுமாம். அதுக்காகவே இதை எடுத்தேன்."

மெஷின் நெற்றியில் துருக்கம்பி நால்வரும் இஸ்திரி போட்ட சட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே, 'துருப்பிடிக்காத டிரம்' என்று எழுதியிருந்தது.

துவைத்து முடித்துப் பாடியது. அதே மெட்டு, அதே கரகரத்த குரல். 'எங்களை எல்லாரும் வாங்க முடியும், எளிய தவணையில்!'

"கொள்கை அப்படியேதான் இருக்கு மாமா. ரெண்டு வார்த்தைதான் மாறியிருக்கு" என்றான் அவர்கள் வீட்டிலேயே இருந்த மச்சினன்.

"சும்மா இருடா" என்றவள் இவர் பக்கம் திரும்பினாள். "பிடிச்சிருக்கா?"

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? "ரொம்ப" என்றார்.

மறுநாள் மதியம், இரவு டியூட்டிக்காக அவள் தூங்கிக்கொண்டிருக்க, மெஷின் அவள் யூனிஃபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதன் முதுகைக் கழற்றி ஸ்பீக்கர் ஒயரை வெடுக்கென்று பிடுங்கினார். துவைத்து முடிந்தது, பாட்டு வரவில்லை. கதவும் திறக்கவில்லை. 'பாடல் முடிந்ததும் கதவு திறக்கும்' என்று எழுத்து ஓடியது. ஒயரை மறுபடி சொருகினார். லேசாகப் புகை வந்ததே தவிர, பாட்டு வரவில்லை.

"யார் பாடினாலும் கேட்டுக் கதவைத் திறக்கிற வசதி இருக்காம். நீங்களே பாடிடுங்க மாமா" என்றான் மச்சினன்.

அவள் எழுந்து வந்துவிட்டாள். "ஏங்க, இன்னொரு யூனிஃபார்ம் கிழிஞ்சு கிடக்கு. பஸ் போயிடும்ங்க."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு உண்மையான பாட்டைப் பாடினார். எவனும் வாங்க முடியாது. அடிவயிற்றிலிருந்து பாடினார். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி, கண்ணில் நீர் வரப் பாடினார். அதே சிவப்பு. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவர் "எல்லாரும் வாங்க முடியும்" என்று முணுமுணுத்தார். "எளிய தவணையில்."

டக்.

"அவங்களை விட நீங்க நல்லா பாடுறீங்க!" ஈர யூனிஃபார்மை உதறிக்கொண்டே அவள் இஸ்திரிப் பெட்டியிடம் ஓடினாள்.

அதன்பிறகு லிஃப்ட் உச்சியில் எப்போது வாயைத் திறந்தாலும் தவணைதான் வந்தது. உள்ளே மாட்டியிருப்பவர்கள் இப்போதெல்லாம் கதவைப் பிளப்பதில்லை. சாவகாசமாக, "எந்தக் கடையில சார்?" என்று கேட்கிறார்கள். அவரும் சொல்கிறார்.

ஒரே ஒரு சிக்கல், அந்த மெஷினில் பேர் போட்டிருந்த கம்பெனி தயாரிப்பது குடை மட்டும்தான். எதிர்வீட்டுக்காரர் காலையிலிருந்து என் பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்.