வலது காலுக்கு ஒரு மேடை

அது வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அன்று உடனிருந்த ரமீஸைக் கேட்டால், "வெள்ளின்னா நான் தொழுகைக்குல்ல போயிருப்பேன்" என்கிறான். மழை பெய்ததாக ஒரு ஞாபகம். அது வேறொரு நாளின் மழையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இரும்பு கேட் மூட முடியாமல் நின்றதும், அதன் முன்னால் ஞானசேகரன் விழித்துக்கொண்டு நின்றதும் நிச்சயம் நடந்தவை.

ஞானசேகரன் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேக்கா சந்தையை ஒட்டிய பழைய அடுக்குமாடி புளோக்கில் அவருக்கும் மனைவி கமலத்துக்கும் வீடு. வராந்தாவிலிருந்து வாசலுக்குள் ஏற ஒரே படிதான், ஆனால் உயரமான படி. கமலம் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, நடை பழகுவதற்காகச் சமூக மருத்துவமனையில் இருந்தார். இத்தனை வருடம் யாரும் கண்டுகொள்ளாத அந்தப் படி, இப்போது வழக்காகிவிட்டது.

மகன் ஸ்ரீநாத் நகரின் இன்னொரு கோடியில், பொங்கோலில் இருக்கிறான்.

"அப்பா, என் வீட்ல படியே இல்ல. லிஃப்ட்ல இருந்து நேரா சோபா. ரெண்டு பேரும் வந்துருங்க லா."

"அம்மா என்ன சொல்றா?"

"என் வாசல்ல நானே ஏறிட்டா என்னை விட்டுருன்னு சொல்றாங்க."

"அப்புறம் என்ன? விட்டுரு."

"ஏறினா விட்டுடறேன். யாரும் தூக்கக் கூடாது, தாங்கக் கூடாது. முடியலன்னா அதே டாக்சில பொங்கோல். டீலா?"

"டீல்" என்றார் ஞானசேகரன். சொன்ன பிறகுதான் யோசித்தார். பொங்கோலில் அவர்களுக்கு ஒரு குறையும் இராது. கமலத்துக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இராது, அதுதான் பயம்.

மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: படி ஏறும்போது நல்ல கால்தான் முதலில். கமலத்தின் நல்ல கால் இடது.

"ஆஸ்பத்திரில இருந்து வரும்போது இடது காலை வெச்சு வீட்டுக்குள்ள நுழையணுமாக்கும்? அதுக்கு நான் பொங்கோலுக்கே போறேன்" என்றார் கமலம்.

ஞானசேகரன் அவர் கால்களையே மாறி மாறிப் பார்த்தார். பார்வை நேரம் முடிந்ததும் கிளம்பினார். ரயிலிலும் அதே யோசனைதான். திடீரென்று எழுந்து நின்றார். அவர் இடம் கொடுக்கிறார் என்று நினைத்து ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவர் இறங்க வேண்டிய லிட்டில் இந்தியா நிலையம் கடந்து போய்க்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. வழி கிடைத்துவிட்டது!

உள்தரைக்குச் சமமாக வாசலுக்கு வெளியே ஒரு மேடை. வராந்தாவிலிருந்து அதில் ஏற, இடையில் ஒரு சின்னப் படி. இடது காலை வைத்து ஏறலாம், மேடையில் இரண்டு காலையும் சேர்த்து நிற்கலாம், பிறகு சமதரையில் வலது காலை எடுத்து உள்ளே வைக்கலாம். பயிற்சிக்காரியும் ஜெயித்தாள், கமலமும் ஜெயித்தார்.

வராந்தாவின் கடைசி வீடு என்பதால் அவர் வாசலைத் தாண்டிப் போக யாருமில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு அனுமதியும் வாங்கினார். கட்டுமான வேலை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர் அடுத்த மாதம் வருகிறேன் என்றதும், "நானே கட்டிக்கறேன்" என்று போனை வைத்தார். அதுவரை சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

பாலஸ்டியர் கடையொன்றில் வழுக்காத டைல்ஸ் வாங்கிக்கொண்டு டாக்சியில் வந்து இறங்கியபோது, அடுத்த வீட்டு ரமீஸ் கீழே நின்றிருந்தான். பஸ் ஓட்டுநர். காலை ஷிப்ட் முடித்து வந்திருந்தான்.

"என்னண்ணே, புதுமாப்பிள்ளை மாதிரி சிரிக்கறீங்க?"

"வீடு கட்டப் போறேன் தம்பி."

"வீடா?"

"வீட்டுல ஒரு துண்டு. வா, மூட்டையைப் பிடி."

வாசல் கதவுக்கு வெளியே இருந்த இரும்பு கேட்டை முழுக்கத் திறந்து சுவரோடு சாய்த்துக் கட்டிவிட்டு இருவரும் வேலையில் இறங்கினார்கள். கற்களை அடுக்கினார்கள், கலவை குழைத்தார்கள். ரசமட்டக் குழாயில் குமிழி நடுவுக்கு வந்து நின்றபோது ஞானசேகரன், "நிக்குது! நிக்குது பார்!" என்று கத்தியதில் எதிர் புளோக்கில் துணி காயவைத்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டைல்ஸ் பதித்தார்கள். சாய்த்த கேட்டுக்குப் பின்னால் கையை நுழைத்துச் சுவரில் ஒரு கைப்பிடி முடுக்கினார்கள். ஈரம் காயட்டும் என்று கேட்டை அவிழ்க்கவே இல்லை. தினமும் ஒருமுறை எழுந்து போய்க் கதவைத் திறந்து மேடையைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார்.

கமலம் வரும் அன்று காலை, கேட்டைத் துடைத்து மாவிலை கட்டலாமென்று அவிழ்த்து இழுத்தார். டங்!

கேட்டின் அடி, மேடையின் விளிம்பில் முட்டி நின்றது. வெளிப்பக்கம் திறக்கிற கேட். மேடைக்கு மேல் சுழன்று வந்தால்தானே மூடும்!

ரமீஸ் ஓடிவந்து பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"வலது காலுக்கு யோசிச்சீங்க, இடது காலுக்கு யோசிச்சீங்க. கேட்டுக்குக் காலில்லன்னு விட்டுட்டீங்களாண்ணே?"

"சிரிக்காதடா. கேட் பூட்டாம அவ ஒரு நாளும் தூங்கினதில்ல. என் பையன் இதையே பிடிச்சுக்குவான்."

போன் அடித்தது. ஸ்ரீநாத். "அப்பா, கிளம்பிட்டோம்."

கேட் இப்படிப் பாதி வழியில் நின்றால் கமலம் பிடித்து நடக்கும் நடைச்சட்டம் அதில்தான் இடிக்கும். திருப்பிச் சாய்த்தாலோ, கைப்பிடியின் மேல் போய் விழுந்து அதைப் பிடிக்க முடியாமல் மறைக்கிறது. முடுக்கும்போது அதையும் யோசிக்கவில்லை.

"கழட்டிடுவோம்" என்றான் ரமீஸ்.

கீலில் துரு. ஞானசேகரன் சமையலறைக்கு ஓடி நல்லெண்ணெய்ப் புட்டியோடு வந்து அப்படியே கவிழ்த்தார். இருவரும் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். அசையவில்லை. மறுபடியும் தூக்கினார்கள். கிறீச்சென்று ஒரு சத்தம், மொத்த கேட்டும் கையோடு வந்தது. அதை ரமீஸின் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தவும் லிஃப்ட் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

கமலம் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்தார். வாசலுக்கு முன்னால் நின்றார். படியைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். ஸ்ரீநாத் கைகளைப் பாதி நீட்டியபடி பின்னால் நின்றான்.

"கையைக் கீழ போடு" என்றார் கமலம், அவனைப் பார்க்காமலே.

சட்டத்தை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பற்றினார். இடது கால் ஏறியது. வலது கால் அதன் பக்கத்தில் வந்து சேர்ந்தது. இன்னொரு முறை. மேடையில் நின்று மூச்சு வாங்கினார். ஞானசேகரன் மூச்சு விடவே இல்லை. கமலம் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். கணவர் எதற்காக இப்படிச் சமமாகக் கட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், முகம் மாறியது. வலது காலை எடுத்து வீட்டுக்குள் வைத்தார்.

ரமீஸ் விசிலடித்தான்.

உள்ளே நின்று திரும்பிய கமலம் கேட்டார்: "கேட் எங்கங்க?"

ஞானசேகரன் கூரையைப் பார்த்தார்.

"எங்க வீட்டு ஹால்ல இருக்குக்கா. உட்கார வெச்சிருக்கோம்" என்றான் ரமீஸ்.

"கேட் இல்லாத வீட்ல எப்படிப்பா..." என்று ஸ்ரீநாத் ஆரம்பித்தான்.

"டீல் வாசலுக்குத்தான். கேட்டுக்கு இல்ல" என்றார் கமலம். "நீ வெளிய நின்னு பேசாத. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

கேட்டின் அடியை வெட்டிக் குறைத்து மறு வாரம் மாட்டினார்கள்; கைப்பிடியை மறுபக்கச் சுவருக்கு மாற்றினார்கள். கமலம் அந்த வீட்டில்தான் இருக்கிறார்; காலையில் கீழே இறங்கிச் சந்தைக்குப் போய் வருகிறார். ஸ்ரீநாத் பொங்கோலிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். ரமீஸ் இன்னமும் பஸ் ஓட்டுகிறான். ஞானசேகரன் அதன் பிறகு எதையும் கட்டவில்லை.