நம்பும்படி இல்லை

நாற்பது பேரிடம் கருத்துக் கேட்க வேண்டும், புதன்கிழமை சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில், வேலை கொடுக்கும் எழிலரசி மேடம் போனில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கோகிலவாணிக்குக் கால் வலி ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் போட்ட படம் அது. தியேட்டர் பக்கமே போகாமல் டிவிக்கென்றே எடுத்தது. பெயர் 'உனக்காகவே நிற்கிறேன்'. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவன், பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை மூன்று வருடம் விடாமல் பின்தொடர்கிறான். அவள் போனுக்குள் எதையோ ஏற்றிவைத்துவிட்டு, அவள் போகிற இடத்துக்கெல்லாம் முன்னாலேயே போய் நிற்கிறான். கடைசியில் மொட்டை மாடியிலிருந்து விழுந்து சாகிறான். இதைப் பார்த்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்குத் தெரிந்தாக வேண்டுமாம். தெரிந்துகொண்டு என்ன செய்வார்கள் என்று கோகிலவாணி கேட்டதில்லை. நான்கு வருடமாக சோப்பு, டீத்தூள், கொசுவர்த்தி என்று ஊரெல்லாம் அலைந்து கருத்துக் கேட்டிருக்கிறாள். கொசு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரே ஊரில் பதினைந்து பேருக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது கம்பெனி விதி. அதனால் நாளுக்கு ஓர் ஊர். கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. டேப்பில் பதினான்கு கேள்விகள். அதில் ஆறாவது, 'கதை நம்பும்படி இருந்ததா?' என்பது. இருந்தது, ஓரளவு இருந்தது, நம்பும்படி இல்லை என்று மூன்று கட்டங்கள். ஒன்றைத் தொட வேண்டும்.

திங்கட்கிழமை தருமபுரியில் கேட்ட பதினைந்து பேரில் பதினோரு பேர் மூன்றாவது கட்டத்தைத் தொடச் சொன்னார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், வில்லன் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான், பின்னணி இசையும் பரவாயில்லை, ஆனால் அந்தப் பெண் முதல் வாரமே வீட்டில் சொல்லியிருந்தால் படம் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்றாள். சுகுணா என்று பெயர் சொன்ன ஒரு வீட்டுக்காரம்மா, அவள் முதல் நாள் அவனைப் பார்த்துச் சிரித்தாள் அல்லவா, அதை ஏன் யாரும் பேசுவதில்லை என்று கோகிலவாணியையே திருப்பிக் கேட்டாள். ராஜப்பன் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார், போலீஸ் ஜீப்பின் நம்பர் வேறு மாவட்டத்து நம்பர் என்பதில் தொடங்கி அரை மணி நேரம் விடவில்லை. பெண் பட்ட பாடு பற்றி ஏதாவது சொல்கிறீர்களா சார் என்றதற்கு, அதெல்லாம் கதைதானே என்றார்.

எல்லாவற்றையும் அவள் தட்டி ஏற்றினாள். தன் கருத்து என்ன என்று அவளை யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டிருந்தால் முதல் கட்டத்தைத் தொட்டிருப்பாள்.

அவளுக்கும் ஒருவன் இருந்தான். நவநீதன், அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வயது முப்பத்து நான்கு, சொந்தமாக இரண்டு டிராக்டர். தாய்மாமன்தானே, கட்டிக்கொடுத்துவிடலாம் என்று இரண்டு வருடத்துக்கு முன் பேச்சு வந்தது. அந்தப் பக்கத்தில் அது சாதாரணம். தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் அப்படித்தான். கோகிலவாணி வேண்டாம் என்றாள். யாரும் அடிக்கவில்லை, அழவில்லை. சரி, உன் இஷ்டம் என்று அம்மாவும் விட்டுவிட்டாள். நல்ல குடும்பம் என்று அவளே பெருமைப்பட்டுக்கொண்டாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து அவன் நிற்கத் தொடங்கினான்.

அவன் ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. கையைத் தொட்டதில்லை. அவள் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு டீக்கடையோரம் வண்டியைச் சாய்த்துப் போட்டு நிற்பான், அவ்வளவுதான். "வேல முடிஞ்சா ஏறு, போலாம்" என்பான். அவள் பஸ் ஏறினால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வருவான். கடைக்காரர்களிடம், நம்ம அக்கா பொண்ணு, கட்டிக்கப்போற புள்ள என்று சொல்லிவைத்திருக்கிறான். அதற்குப் பிறகு அவர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பே வேறாகிவிட்டது. இதை எந்தப் போலீஸிடம் போய், என்னவென்று எழுதிக் கொடுப்பது? மாமன் கூட்டிப் போக வந்தார் என்றா?

அவளுக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். எந்த நாளைக்கு எந்த ஊர் என்பது மேடத்துக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவனுக்கு எப்படித் தெரிகிறது? ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. போன்தான் காரணம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் போனைக் கொடுத்தாள். கடைக்காரப் பையன் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே அக்கா என்றான். நம்பாமல், முழுசாகத் துடைத்துக் கொடுக்கச் சொன்னாள். துடைத்ததில் செத்துப்போன அப்பாவின் படங்களும் சேர்ந்து போயின. வேறெங்கும் எடுத்துவைக்கவில்லை. அது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் படுத்துத் தூங்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாரண்டஹள்ளி. தக்காளி மண்டியில் பச்சியப்பன் என்ற வியாபாரி, கூடைகளுக்கு நடுவில் நின்றபடியே பதில் சொன்னார். அவருக்குப் படத்தின் மேல் பெரிய கோபம். மூன்று வருடம் ஒரு மனுசன் வேலை வெட்டியை விட்டுவிட்டு ஒரு பொம்பளை பின்னால் நிற்பானா, அவன் கடையை யார் பார்த்துக்கொள்வது, வாடகை யார் கொடுப்பது என்று அடுக்கினார். "நம்ம பக்கம் அப்படியெல்லாம் எவனும் இல்லீங்க. இதெல்லாம் மெட்ராஸ்ல ரூம் போட்டு எழுதறது. நம்பும்படி இல்லன்னே போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டாள். மண்டியை விட்டு வெளியே வந்தால் எதிர் பேக்கரி வாசலில் நவநீதன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் இன்னொரு டீ சொன்னான். துடைத்த போன் அவள் பையில் சுத்தமாகக் கிடந்தது.

அவளுக்குப் பயம்கூட வரவில்லை. பயமெல்லாம் முதல் ஆறு மாதத்தோடு தீர்ந்துபோனது. இப்போது வருவது அலுப்புதான். காலையில் செருப்பு மாட்டும்போதே, இன்றைக்கு எந்தக் கடையோரம் என்று மனசு தேட ஆரம்பிக்கும். தேடித் தேடியே உடம்பு ஓய்ந்துபோகும். மாநிறமாய், ஒல்லியாய், யாருக்கும் ஒரு தீங்கு நினைக்காத பெண்ணுக்கு இருபத்தைந்து வயதில் அறுபது வயதுச் சலிப்பு வந்திருந்தது. அந்த டீயைக் குடிக்காமல் பஸ் ஏறினாள்.

புதன்கிழமை பாப்பிரெட்டிப்பட்டியில் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வரை ஓடியும் முப்பத்தொன்பதுதான் தேறியது. ஐம்பது வயதைத் தாண்டிய கிராமத்துப் பெண் ஒருத்தி குறைந்தது. சொந்த வீட்டு ஆட்களைக் கேட்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் எழிலரசி மேடமே, உங்கம்மா படம் பார்த்தாங்க இல்ல, அவங்களையே போட்டு முடி என்றாள். எல்லாரும் செய்வதுதான்.

அம்மா செல்லம்மாள் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் மகள் தன்னிடம் ஒரு கருத்தும் கேட்டதில்லை என்ற குறை அவளுக்கு உண்டு. அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

பதில்களும் அப்படியே வந்தன. அந்தப் பெண் பாவம் என்றாள். சிரித்தால் என்ன தப்பு, சிரித்ததற்காகப் பின்னாலேயே வந்துவிடுவதா என்றாள். நாற்பது பேரில் இதைச் சொன்னது அவள் ஒருத்திதான். கோகிலவாணிக்கு நெஞ்சு கனிந்துவிட்டது. பன்னிரண்டாவது கேள்வி, 'இப்படி உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நடந்தால் என்ன செய்வீர்கள்?' என்பது. அதைப் படித்தபோது அவள் டேப்பைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

"செருப்பக் கழட்டி அடிப்பேன். ஊரக் கூட்டி நிக்க வெப்பேன். பொம்பளப் புள்ள வேணாங்குது, அப்புறம் அவனுக்கு அங்க என்ன வேல?"

அப்படியே ஏற்றினாள். சொல்லிவிடலாம், இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்தது, 'படத்தில் எந்தக் காட்சி உங்களுக்குப் பொருத்தமாகப் படவில்லை?'

செல்லம்மாள் யோசிக்கவே இல்லை. "அந்தப் போன்ல எதயோ ஏத்தி வெச்சுக் கண்டுபுடிக்கறான் பாரு, அதுதான். அதுக்கு எதுக்கு அத்தன பாடு? பெத்தவகிட்ட ஒரு வார்த்த கேட்டா சொல்லப்போறா. உங்க மாமன் தெனம் கேக்கறான், நான் சொல்றதில்லயா?"

கோகிலவாணியின் விரல் டேப்பின் மேலேயே நின்றுவிட்டது.

"தெனமுமா?"

"நீ பஸ் ஏறுனதும் போன் பண்ணுவான். இன்னிக்கு எந்த ஊரு அக்கான்னு. புள்ள தனியா அலையுதேன்னு அவனுக்கு அத்தன அக்கற. எனக்கும் ஒரு தெம்பு." செல்லம்மாள் இதை ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

ரெண்டு வருடம். போனைத் துடைத்தாள், இருந்த அப்பா படங்களையும் அழித்தாள். காலையில் சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டே, இன்னிக்கு எந்த ஊரு கண்ணு என்று அம்மா கேட்பது அவளுக்குப் பிரியமாக இருந்தது. நாள் முழுக்க அவளைப் பற்றி அவளிடம் யாராவது கேட்கிற ஒரே கேள்வி அது.

"அம்மா, நீ செருப்பால அடிப்பேன்னியே, அவன் மாமன்தான். நான் வேணாம்னு சொல்லி ரெண்டு வருசமாச்சு. அவன் இன்னும் நிக்கிறான்."

செல்லம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கோபம் வந்தது. படத்தில் வந்தவன் எவனோ, இவன் நம்ம ஆள், முறையுள்ளவன் என்றாள். அப்பன் செத்த அன்றைக்கு யார் முன்னால் நின்றது, மோட்டார் கெட்டால் யார் கிணற்று மேட்டுக்கு ஓடுகிறது என்றாள். தான் இடுப்பில் தூக்கி வளர்த்த பையனைப் போய் அந்த மொட்டை மாடிக்காரனோடு சேர்த்துப் பேசலாமா என்று கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோகிலவாணி வாதாடவில்லை, வாதாடத் தெம்பும் இல்லை. இனிமேல் அவனிடம் சொல்லாதே, அது போதும் என்று மட்டும் கேட்டாள்.

"கூடப்பொறந்தவன் கேக்கறான். அவன்கிட்ட நான் பொய் சொல்லோணுமா?" என்றாள் செல்லம்மாள், அரிவாள்மணையை இழுத்துக்கொண்டு.

மீதி ஒரு கேள்வியை கோகிலவாணி தானே நிரப்பி, நாற்பதையும் அனுப்பிவைத்தாள்.

மறுநாள் துணி சோப்பு. பாலக்கோட்டில் பதினைந்து வீடு. சாப்பாட்டுப் பையைக் கொடுக்கும்போது அம்மா வழக்கம்போலக் கேட்டாள், கண்ணைப் பார்க்காமல் கேட்டாள்.

"பாப்பிரெட்டிப்பட்டி. நேத்து மழையில கொஞ்சம் நின்னுபோச்சு" என்றாள் கோகிலவாணி. விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாவிடம் அவள் சொன்ன முதல் பொய். இவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே கசந்தது.

பாலக்கோட்டில் இறங்கியதும் பழக்க தோஷத்தில் கண் கடைக்குக் கடை போனது. டீக்கடை, பேக்கரி, மருந்துக்கடை, பழவண்டி. யாரும் இல்லை. இரண்டு தெரு நடந்தாள், திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று, எந்த சோப்பில் நுரை அதிகம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ரெண்டு வருடத்தில் முதல்தடவையாக அவள் தனியாக இருந்தாள், அதற்குப் பெற்றவளை ஏமாற்ற வேண்டியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"மாமன் அங்க ரெண்டு மணி நேரமா நிக்கறானாம். நீ இல்லியாம்."

கோகிலவாணி போனோடு தெருவோரத்துக்கு நகர்ந்தாள்.

"ஆறு வாட்டி போன் பண்ணிட்டான் பாப்பா. கடைசியா கத்தறான். எங்க ஒளிச்சு வெச்சிருக்கன்னு என்னக் கேக்கறான். என்னைய, அவன் அக்காவ." அம்மாவின் மூச்சு பெரிதாகக் கேட்டது. "அப்படி ஒரு கொரல அவன்கிட்ட நான் கேட்டதே இல்ல."

"அம்மா, நான் இங்க…"

"சொல்லாத" என்றாள் செல்லம்மாள் அவசரமாக. "எந்த ஊருன்னு என்கிட்ட சொல்லாத. தெரிஞ்சா என் வாய்ல நிக்காது. இனிமே காலையில நான் கேட்டாலும் சொல்லாத."

சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். இனிமேல்தான் என்றாள் கோகிலவாணி.